மேற்றிராணியாரின் அக்கா

குரிபார்த், புனித ஜார்ஜ் திருநாளுக்கு அடுத்த வாரம், 1646

தம்பி லாசருக்கு அக்கா தீலா எழுதுவது.

உன்னை "நீர்" என்றும் "ஆண்டவரே" என்றும்தான் எழுத வேண்டுமாம், குருக்களுக்கெல்லாம் மேலான மேற்றிராணியாராகிவிட்டாயாம். நான் சொல்லச் சொல்ல எழுதுகிற நம் பங்குக் குரு தோம் மிஹில் இறகைக் கீழே வைத்துவிட்டு அடம் பிடித்தார். "அம்மா செத்த பிறகு அவனுக்கு மூக்குத் துடைச்சுவிட்டவ நான். மேற்றிராணியாருக்கும் மூக்கு இருக்கும்தானே சாமி?" என்றேன். சிரித்துவிட்டு மறுபடி எடுத்தார்.

நீ வந்திறங்கியதை எனக்கு உப்பு விற்கிறவன் சொல்லித்தான் தெரியும். லேஷ் துறையில் இறங்கினாயாம். ஜனங்கள் மண்டியிட்டு உன் மோதிரத்தை முத்தமிட்டார்களாம். திரின் ஆற்றுத் துறை வரைக்கும் வந்து, அங்கிருந்து மலைப்பக்கம் திரும்பிவிட்டாயாம். துறையிலிருந்து நம் வீட்டு அத்திமரம் தெரியும் லாசர். பத்து வயதில் உன்னைப் படிக்க வைக்கக் கடலுக்கு அப்பால் அனுப்பினோம். இத்தனை வருஷம் கழித்து வந்தவனுக்கு அத்திமரம் கண்ணில் படவில்லையா?

என் புருஷன் கோலேயை உனக்குத் தெரியாது. சதுப்பில் விலாங்கு பிடிக்கிறவன், வாய் ஓயாதவன். "உன் தம்பிக்கு நம்ம வீட்டு மீன் நாத்தம் மலை வரைக்கும் அடிச்சிருக்கும், அதான் திரும்பிட்டான்" என்கிறான். மூத்தவன் பிரெங்க் என் தோளுக்கு மேல் வளர்ந்துவிட்டான். கடைக்குட்டி லூலே பிறந்து நாற்பது நாள் ஆகவில்லை. அவளுக்கு ஞானஸ்நானம் கொடுக்க தோம் மிஹில் தயாராக இருக்கிறார். நான்தான் நிறுத்தி வைத்திருக்கிறேன். நீ வந்து கொடு.


மலைநாடு, ஜூன் 1646

அன்புள்ள அக்காவுக்கு, லாசர் ஆசீர்வாதம் கூறி எழுதுவது.

அத்திமரம் கண்ணில் பட்டது. அதனால்தான் திரும்பினேன். அந்த வாசலில் நின்றிருந்தால் நான் மேற்றிராணியாராக இருந்திருக்க மாட்டேன். உன் மடியில் முகம் புதைத்து அழுதிருப்பேன். கூட வந்தவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இங்கே என் மறைமாவட்டம் என்பது கூரையில்லாத கோயில்கள். போன கிழமை நான் பூசை வைத்த கோயிலின் பீடத்துக்குப் பின்னால் ஆடு குட்டி போட்டிருந்தது. குரு இல்லாமல் கிடந்த ஊரில் கிழவர்கள் கூடி, ஞாபகத்தில் இருந்த மட்டும் ஜெபத்தை முன்னும் பின்னுமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வேதம் பாதி மறந்துபோனாலும் விடவில்லை. ஆட்டுத்தோல் போர்த்திக்கொண்டு நடக்கிறேன். ரோமாபுரியில் எனக்குத் தைத்துக் கொடுத்த ஊதா அங்கி மூட்டையில் கிடக்கிறது.

மாதா மோட்சத்துக்கு எழுந்தருளிய திருநாளுக்கு உன் வீட்டுக்கு வருவேன். லூலேக்கு நானே தண்ணீர் ஊற்றுவேன். உன் புருஷனிடம் சொல், பதினெட்டு வருஷமாக அங்கே உப்புக்கண்டம் போட்ட கடல்மீன் தின்று நாக்கு செத்துக் கிடக்கிறது. விலாங்கு வேண்டும்.


குரிபார்த், பெப்ருவரி 1648

தம்பி,

நீ இரண்டு வருஷமும் மாதா திருநாளுக்கு வந்து, கோலேயோடு உட்கார்ந்து முள் எடுக்கத் தெரியாமல் மீன் தின்றதை நினைத்துக்கொண்டே இதைச் சொல்கிறேன். நீயும் அதை நினைத்துக்கொண்டே படி.

துருக்கியரோடு சண்டை போடுகிற வெனிசுக்காரர்களின் படகுகளுக்கு நம் ஊரிலிருந்து ரொட்டி போனதென்று யாரோ துருக்கிப் பாஷாவின் ஆட்களிடம் சொல்லிவிட்டார்கள். போனது உண்மையா பொய்யா என்று எனக்குத் தெரியாது. குதிரைகள் வந்தன. வாலிபப் பையன்களாகப் பார்த்துக் கயிற்றில் கட்டி இழுத்துப் போனார்கள். நம் பிரெங்கும் அதில் ஒருவன். அவனோடு பிடிபட்ட இரண்டு பேரைச் சந்தையில் தூக்கில் போட்டார்கள் என்று சேதி வந்தது. யார் அந்த இரண்டு பேர் என்று தெரியவில்லை. அன்றைக்கு முழுக்க நான் எப்படி இருந்தேன் என்று தோம் மிஹில் சாமியைத்தான் கேட்க வேண்டும், எனக்கு ஞாபகமில்லை.

கோலே கிளம்பிவிட்டான். பட்டணத்துக்கு நடந்து போய், அவர்களுடைய நீதிபதியான காஜியின் முன்னால் நின்று, அவர்கள் மதத்தில் சேரக் கலிமா சொன்னான். ஹசன் என்று பேர் வைத்தார்களாம். மறுநாள் பிரெங்கைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தான். தலையில் வெள்ளைத் தலைப்பாகை. அதைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, "வாயாலதான் சொன்னேன் தீலா. வயித்துக்குள்ள பழைய ஆள்தான் இருக்கான். அவனுக்கு இப்போ ரொம்பப் பசிக்குது" என்றான். தின்னவில்லை. பிசைந்து பிசைந்து வைத்துவிட்டான்.

ஒவ்வொரு நாளும் படுக்குமுன் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, தன் பேருக்குரிய புனித நிக்கோலாவைக் கூப்பிட்டு ஜெபிக்கிறான். வெளியில் ஹசன், வீட்டுக்குள் கோலே. இப்படி இந்தப் பக்கம் எத்தனையோ வீடுகள் இருக்கின்றன, உனக்கே தெரியும். அவன் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்கிறான். யாருக்கும் தெரியாமல் கேட்க தோம் மிஹிலுக்குச் சம்மதம்தான். உன் வாயிலிருந்து ஒரு சொல் வரட்டும் என்று காத்திருக்கிறார். சொல்லிவிடு.


மலைநாடு, மார்ச் 1648

அக்கா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் பூசை வைக்கவில்லை. பிரெங்க் பிழைத்ததற்கு சர்வேசுரனுக்கு ஸ்தோத்திரம் சொன்னேன். அதற்குப் பிறகு நான் எழுதுவதை நீ வெறுப்பாய்.

இங்கே லேனா என்று ஒருத்தி இருக்கிறாள். போன இலையுதிர் காலத்தில் அவள் புருஷனையும் அதே காஜியின் முன்னால்தான் நிறுத்தினார்கள். அதே வார்த்தைகளைத்தான் சொல்லச் சொன்னார்கள். அவன் சொல்லவில்லை. சந்தை முசுக்கொட்டை மரத்தில் தொங்கவிட்டார்கள். அவளிடம் நான் போனபோது என் மோதிரத்தை முத்தமிட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அவரு செஞ்சது சரிதானே சாமி?" மூன்று பிள்ளைகள் அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்றன. சரிதான் மகளே என்றேன்.

இப்போது என் அக்காள் புருஷனுக்கு ஒளித்து ஒளித்து நற்கருணை கொடுத்தால், லேனாவின் புருஷன் எதற்காகச் செத்தான்? அவள் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்?

குருக்களைக் கூட்டிக் கட்டளை எழுதிவிட்டேன். வெளியில் வேதத்தை மறுத்தவர்களுக்குப் பாவமன்னிப்பு, நற்கருணை முதலிய தேவதிரவிய அனுமானங்கள் கிடையாது. எல்லாரும் அறியத் திரும்பி வந்தால்தான் உண்டு. அப்படிப்பட்டவனோடு ஒரே வீட்டில் வாழும் மனைவிக்கும் இதே கட்டளை. உன்னை விலக்கி எழுதியிருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் என் கட்டளைக்கு என்ன மரியாதை?

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு என்னிடம் வந்துவிடு, அக்கா. மலையில் உனக்கு ஒரு வீடு பார்த்துவைக்கிறேன்.


குரிபார்த், உயிர்த்த ஞாயிறு கழிந்து, 1648

மகா கனம் பொருந்திய லாசர் ஆண்டவருக்கு,

உம்முடைய கட்டளையை ஈஸ்டர் அன்றைக்குக் கோயிலில் வாசித்தார்கள். தாளைப் பிடித்திருந்தது தோம் மிஹிலின் கை. இப்போது இதை எழுதுகிறதும் அதே கைதான். எழுத வேண்டாமென்றால் வேண்டாம் சாமி என்றேன். எழுதுகிறேன் என்றார்.

நான் வழக்கம்போலப் பீடத்துக்கு முன்னால் இருக்கும் கம்பியருகே போய் முழங்காலில் இருந்தேன். எனக்குப் பக்கத்தில் இருந்தவளுக்கு நற்கருணை அப்பம் கொடுத்தார். என்னைத் தாண்டிப்போய் அடுத்தவளுக்குக் கொடுத்தார். எனக்கு முன்னால் நடந்தபோது அவர் கண்ணை மூடிக்கொண்டார். ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. ஞானஸ்நானம் பெற்ற நாளிலிருந்து பொய்கூட அளவாகச் சொன்னவள் நான்.

கோலே வெளியே, மதிலுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தான். என் முகத்தைப் பார்த்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது. "நீ உன் தம்பிகிட்ட போயிரு. நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்" என்றான். "போனா உனக்கு யாரு ரொட்டி சுடுவா, அந்தப் பாஷாவா?" என்று கேட்டேன்.

நான் வரவில்லை. மகனுக்காகத் தன் ஆத்துமத்தையே கொடுத்தவனை விட்டுவிட்டு வந்து, உம்முடைய மலை வீட்டில் எதை ஜெபிக்கச் சொல்கிறீர்?

லேனாவுக்காக நானும் ஜெபிக்கிறேன். அவள் மேல் எனக்கு வருத்தமில்லை.

தீலா


குரிபார்த், செப்டம்பர் 1649

ஆண்டவருக்கு,

ஒன்றரை வருஷமாக நீர் அனுப்பிய கம்பளியும் மருந்தும் வந்துசேர்ந்தன. பதில் போடாதது என் பிழை.

கோலேக்குச் சதுப்புக் காய்ச்சல். இந்தமுறை விடாது போலிருக்கிறது. பாவசங்கீர்த்தனம் கேட்க ஆள் வேண்டும் என்று முனகிக்கொண்டே இருக்கிறான். தோம் மிஹில் வாசல் வரை வந்து உட்கார்ந்திருக்கிறார். உம்முடைய சொல் இல்லாமல் உள்ளே வர மாட்டேன் என்கிறார். நல்ல மனுஷன், உமக்குக் கொடுத்த வாக்கை மீறத் தெரியாதவர். இதைக் கொண்டுவருகிறவன் அங்கேயே நிற்பான். அவனிடமே பதிலைக் கொடும்.

லாசர், அவன் சாகிறான்.


மலைநாடு, செப்டம்பர் 1649

அக்கா,

சாகிறவனுக்கு இரக்கத்தின் கதவைச் சாத்த எனக்கு அதிகாரமில்லை. கோலே மனம் வருந்தினால் தோம் மிஹில் அவனுக்குப் பாவமன்னிப்பும் நற்கருணையும் கடைசி எண்ணெயான அவஸ்தைப்பூசுதலும் கொடுக்கலாம். ஒன்றே ஒன்றுதான். எல்லாரும் அறிய மறுத்தவன் எல்லாரும் அறியத் திரும்ப வேண்டும். ஊரார் இரண்டு பேரைச் சாட்சியாக வைத்து, "நான் கிறிஸ்தவன்" என்று வாய்விட்டுச் சொல்லட்டும். மற்ற எல்லா வீடுகளிலும் இதைத்தான் கேட்டேன். இதைக் குறைக்க என்னால் முடியவில்லை.

இதைக் கொண்டுவருகிறவனை விரைந்து போகச் சொல்லியிருக்கிறேன். குதிரையும் கொடுத்திருக்கிறேன்.


குரிபார்த், அக்டோபர் 1649

ஆண்டவருக்கு,

குதிரை நேரத்துக்கு வந்துவிட்டது. உம்முடைய கடிதத்தைத் தோம் மிஹில் வாசலில் நின்றபடியே உரக்க வாசித்தார். கோலே கண்ணைத் திறந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

"ரெண்டு சாட்சியா?" என்றான். "தீலா ஒருத்தி போதாதா? அவ மாதிரி சாட்சி எங்கே கிடைக்கும்?"

"ஊர்க்காரங்க வேணுமாம்" என்றேன்.

விரலை மடக்கி எண்ணினான். "ரெண்டு பேருக்குத் தெரிஞ்சா சந்தைக்குத் தெரியும். சந்தைக்குத் தெரிஞ்சா காஜிக்குத் தெரியும். நான் தப்பிச்சிருவேன், நேரா மேல போயிருவேன். பிரெங்க் கழுத்துல கயிறு விழும். அந்தக் கழுத்துக்காகத்தானே நான் போனேன்?" பிறகு தோம் மிஹிலைப் பார்த்து, "வேணாம் சாமி. நீங்க வீட்டுக்குப் போங்க. மழை வரப்போகுது" என்றான்.

என்னிடம், "உன் தம்பி ரொம்பப் படிச்சவன். அவன் மேல கோவம் வெச்சுக்காதே. அவனுக்கு யாரும் சோறு போடறதில்ல போல, கடுதாசியே மெலிஞ்சுபோச்சு" என்றான். அதற்குப் பிறகு பேச்சு குழறிவிட்டது. மறுநாள் உச்சிப்பொழுதில் அடங்கினான்.

யாரும் வருவதற்குள் அவன் நெற்றியில் என் கட்டைவிரலால் சிலுவை போட்டேன். அது செல்லுமா செல்லாதா என்று உம்மிடம் கேட்கவில்லை. பிறகு பட்டணத்து இமாம் வந்தார். வயதானவர், மரியாதைக்காரர். மெதுவாகத்தான் குளிப்பாட்டினார்கள். நாணல் காட்டுக்கு அப்பால் அவர்களுடைய கல்லறையில், அவர்களுடைய முறைப்படி, ஹசன் என்று சொல்லிப் புதைத்தார்கள். பெண்கள் போகக்கூடாது. நான் நாணலுக்குள் தண்ணீரில் நின்று பார்த்தேன்.

இனி எழுத எனக்கு ஒன்றுமில்லை.


அங்கோனா, கடலுக்கு இப்பால், மார்ச் 1651

அக்கா,

நான் உயிரோடு இருப்பது உன்னால்தான். அதை நேரில் சொல்லியிருக்க வேண்டும். உன் வீட்டில் இருந்தபோது சொல்ல வாய் வரவில்லை.

வெனிசுக்காரர்களோடு நான் பேச்சு வைத்திருந்தேன் என்று பாஷா என் தலைக்கு விலை வைத்ததும், மலையில் ஒவ்வொரு வீடாகத் தேடினார்கள். என்னை ஒளித்து வைத்த இரண்டு வீடுகள் எரிந்தன. எந்தக் கிறிஸ்தவன் வாசலையும் மிதிக்கப் பயமாக இருந்தது. கடைசியில் உன் வாசலுக்குத்தான் வந்தேன். நீ ஒன்றும் கேட்கவில்லை. மாவுப் பெட்டிகளுக்குப் பின்னால் இடம் காட்டினாய். வேளாவேளைக்கு ரொட்டியும் வெங்காயமும் வைத்துவிட்டுப் போனாய். அத்தனை நாளில் நீ என்னிடம் பேசியது "சத்தம் போடாதீர்" என்ற ஒன்றுதான்.

சிப்பாய்கள் வந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். பலகை இடுக்கில் பார்த்துக்கொண்டிருந்தேன். பிரெங்க் வாசலில் போய் நின்று, "இது ஹசன் வீடு. நான் ஹசன் மகன்" என்றான். "அப்படியா தம்பி, மன்னிச்சுக்க" என்று தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். நான் சபித்த அந்தப் பெயருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். படகு கிடைக்கும்வரை அங்கேதான் இருந்தேன்.

இங்கே வந்ததும் பதவியைத் துறந்து கையெழுத்துப் போட்டுவிட்டேன். என் மந்தையைப் போட்டுவிட்டு வந்தவன் இனி மேய்ப்பன் என்று மோதிரம் போட்டுக்கொள்ளக் கூடாது. சன்னியாசிகள் மடத்தில் ஓர் அறை கொடுத்திருக்கிறார்கள். லேனா இறந்துவிட்டாள் என்று கேள்விப்பட்டேன். எரிந்த இரண்டு வீடுகளில் ஒன்று அவளுடையது.

ஒவ்வொரு நாளும் பூசையில் கோலேயை நினைக்கிறேன். பெயர் சொல்லி வேண்டிக்கொள்ளும் இடம் வரும்போது நின்றுவிடுகிறேன். எந்தப் பெயரைச் சொல்வது என்று தெரியவில்லை. நான் சொன்னால் உனக்குச் சம்மதமா என்றும் தெரியவில்லை.

என்னை மன்னித்துவிடு என்று எழுதுகிறேன்.


குரிபார்த், நவம்பர் 1651

தம்பி,

நீ பத்திரமாகப் போய்ச் சேர்ந்த சேதி ஏழு மாதம் கழித்து வந்தது. அதுவரைக்கும் கடலில் போன பிணங்களைப் பற்றி யார் பேசினாலும் காதைப் பொத்திக்கொண்டேன்.

உன் கடிதத்தைத் தோம் மிஹில் இரண்டு தரம் வாசித்தார். இரண்டாம் தரம் எதற்கென்றால், அதில் ஒன்று விட்டுப்போயிருக்கிறதா என்று நான் தேடச் சொன்னேன். விட்டுப்போகவில்லை. அதில் இல்லவே இல்லை.

மன்னிப்புக் கேட்கிறாய். கோலேயை நினைக்கிறாய். உன் மோதிரத்தைக் கழற்றிவிட்டாய். உன் கட்டளையை ஏன் கழற்றவில்லை, லாசர்? நீ என் மாவுப் பெட்டிக்குப் பின்னால் இருந்தபோது நான் அதற்காகத்தான் காத்திருந்தேன். ரொட்டி வைக்கக் குனியும்போதெல்லாம் இப்போது சொல்வான், இப்போது சொல்வான் என்று நின்றேன். புருஷன் செத்த பிறகும், ஹசன் வீட்டில் இருக்கிறவள் என்று எனக்கு நற்கருணை கிடையாது. வீட்டை விட்டு எங்கே போக? பிரெங்க் ஹசன் மகன்தானே. இந்தப் பக்கத்தில் என்னைப் போல எத்தனையோ பெண்கள் கோயிலின் பின்சுவரில் சாய்ந்து நின்று பூசை பார்த்துவிட்டுப் போகிறோம். சாமி தெரிகிறது, சாப்பாடு இல்லை.

ஒரு வரி எழுதி அனுப்பு. போதும்.


அங்கோனா, பெப்ருவரி 1652

அக்கா,

அந்த ஒரு வரியை எழுத உட்கார்ந்தேன். என் கையெழுத்துக்கு இனி அதிகாரமில்லை.

நான் போட்ட கட்டளையை நான் எடுக்கலாம், அல்லது எனக்குப் பின் அந்த ஆசனத்தில் உட்காருகிறவர் எடுக்கலாம். நான் ஆசனத்தை விட்டுவிட்டேன். எனக்குப் பின் யாரையும் இன்னும் அனுப்பவில்லை. அந்தக் கரையில் இறங்க ஒருவரும் முன்வரவில்லை. பெரிய இடங்களுக்கெல்லாம் எழுதிக் கேட்டேன். "ஆவன செய்யப்படும்" என்று ஒரு பதில் வந்தது. மனம் நொந்துதான் பதவியைத் துறந்தேன். அப்போது இதை யோசித்துப் பார்க்கவில்லை. உனக்கு உதவக்கூடிய ஒரே ஒன்றை நானே தூக்கிப் போட்டுவிட்டேன்.

ஆனாலும் குருவின் கை இன்னும் என்னிடம் இருக்கிறது. அதை யாரும் எடுக்க முடியாது. வருகிற கோடையில் உப்புப் படகில் ஏறி, மாலுமிபோல வந்து இறங்குவேன். கட்டளையை மீறுகிறவன் நானாக இருக்கட்டும். உனக்கு என் கையால் கொடுத்துவிட்டு, அதன் பிறகு பாஷா பிடித்தால் பிடிக்கட்டும்.

இந்தக் கோடை வரைக்கும் பொறுத்திரு.


குரிபார்த், ஈஸ்டருக்குப் பிந்திய வாரம், 1652

தம்பி,

வராதே. உன்னைப் பிடித்தால் யார் வீட்டிலிருந்து போனாய் என்று கேட்பார்கள். உன் உடம்பு அடியைத் தாங்காது. நீ சொல்லிவிடுவாய். கோலே எதற்காகப் பாவமன்னிப்பு இல்லாமல் செத்தானோ அது வீணாகிவிடும். நீ அங்கேயே இருந்து கிழவனாகு. அதுதான் எனக்கு வேண்டும்.

இன்னொரு சேதியும் இருக்கிறது. தவக்காலக் கடைசியில் தோம் மிஹில் இருமல் என்று படுத்துவிட்டார். ரகூசாவிலிருந்து மலைக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு பிரான்சிஸ்கு சபைச் சாமியாரை ஈஸ்டர் பூசைக்கு நிறுத்தி வைத்தார். இளம் வயதுக்காரர், இந்த ஊரில் யாரையும் தெரியாதவர், உன் கட்டளையைப் பற்றிக் கேள்விப்படாதவர். படுக்கையில் கிடந்தபடியே தோம் மிஹில் எனக்குச் சொல்லி அனுப்பினார்: "தீலா ஈஸ்டர் பூசைக்கு முன்வரிசைக்கு வரட்டும், பின்சுவர் ஈரமா இருக்கு." சுவர் ஈரமாக இல்லை. போய்த் தொட்டுப் பார்த்தேன். (இதைச் சொல்லும்போது அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு ஜன்னலைப் பார்க்கிறார். எழுதுங்கள் சாமி என்கிறேன்.)

கம்பியருகே முழங்காலில் இருந்தேன். அந்தப் பையன் சாமியார் வந்தார், கொடுத்தார், அடுத்தவளிடம் போய்விட்டார். அவ்வளவுதான். நான்கு வருஷம் அழுததெல்லாம் அதற்காகத்தான். நான் யாரென்று அவரிடம் சொல்லவில்லை. அது பாவமானால் உன் பேரில் எழுதிக்கொள்.

ஆனால் அப்பத்தை நாக்கில் வாங்கியதும் விழுங்க மனம் வரவில்லை, லாசர். கோலேக்குக் கிடைக்காதது எனக்கு மட்டும் எப்படி இறங்கும்? வாயை மூடிக்கொண்டு எழுந்து, ஆசீர்வாதத்துக்குக்கூட நிற்காமல் வெளியே வந்து நடந்தேன். அவன் கல்லறைக்குக் கொண்டுபோக நினைத்தேன். கொண்டுபோய் என்ன செய்வதென்று தெரியாது. மண்ணைத் தோண்டியா வைக்க முடியும்? அவன் பக்கத்தில் உட்கார்ந்து விழுங்கலாம் என்று நினைத்தேனோ என்னவோ. வழியில் ஆட்கள் "கிறிஸ்து உயிர்த்தார்" என்று வாழ்த்தினார்கள். வாயைத் திறக்காமல் தலையை மட்டும் ஆட்டிவிட்டு ஓடினேன். திமிர் பிடித்தவள் என்று நினைத்திருப்பார்கள்.

நாணல் காடு வரைகூட வரவில்லை. பாதி வழியில் கரைந்துவிட்டது.

அங்கேயே பாதையில் உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு எழுந்து, வெறும் வாயோடு அவனிடம் போனேன்.

பூசையில் அவனை எந்தப் பெயரால் சொல்வதென்று தெரியவில்லை என்று எழுதியிருந்தாய். கோலே என்று சொல். உரக்கச் சொல்.